கொற்கைக்கு வந்த ஒத்தெல்லோ

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கடைப்பிடிப்பதால், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிகளில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். தீபாவளிப் பலகாரம் வாசல்தோறும் செல்லும். பெண் கொடுப்பது என்றால் மட்டும் பேச்சு மாறும் குடும்பங்கள் இன்றும் உள. விருந்துக்கும் மணத்துக்கும் இடைப்பட்ட இத்தொலைவே ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வுக்கும் அடித்தளம்.

அந்நாடகத்தைப் பொறாமையின் கதையாக மட்டுமே பயில்வது போதாது. மூர் இனத் தளபதியைப் பலமுறை இல்லத்திற்கு அழைத்து உபசரித்த பிரபான்ஷியோ, அவனை மருமகனாக ஏற்க மறுக்கிறார். தந்தையை ஏமாற்றியவள் கணவனையும் ஏமாற்றக்கூடும் என்று எச்சரித்துப் போகிறார். இயாகோ பின்னர் எடுத்தாளும் நஞ்சு இதுவே. அதன்பின் ஒத்தெல்லோ தன் கருநிறத்தையே காரணமாக எண்ணத் தொடங்குகிறான். மாமனாரின் இன மறுப்பே மருமகனின் பொறாமையாக முளைக்கிறது.

அ. மாதவையா (1872-1925) இந்நாடகத்தைத் தமிழில் தழுவி, 'உதயலன் என்னும் கொற்கைச் சிங்களவன்' எனப் பெயரிட்டார். வெனிசுத் துறைமுகத்திற்குப் பாண்டியர் துறைமுகம் ஈடாயிற்று, மூர் சிங்களவனானான். நிறவேறுபாடு இங்குப் பின்தள்ளப்படுகிறது. ஆயின் விசயன் மதுரைப் பாண்டியன் மகளை மணந்ததாக மகாவம்சமே கூறுகிறது. கொள்வினை கொடுப்பினை பேசப்பட்ட இரு கரைகளிடையே, இம்மணம் இயற்கைக்கு மாறானது என்று பெண்ணின் தந்தை வாதிட இயலாது. மறுப்பதற்கு வெறுப்பு ஒன்றே எஞ்சும். இவ்வகையில் மாதவையாவின் தலைப்பு மூலத்தினும் கடுமையானது என்பேன்.