ஃப்ராய்டின் சோபா

1890 வாக்கில் வியன்னாவில் ஒரு நோயாளி, தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்டுக்கு நன்றியோடு ஒரு சோபாவை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஃப்ராய்ட் அப்போது ஹிப்னாடிசம் செய்துகொண்டிருந்தார். நோயாளியைப் படுக்கவைத்து, கோளாறு நீங்கிவிடும் என்று சொல்லிச் சொல்லியே நீக்கப் பார்க்கும் முறை அது.

பிறகு ஹிப்னாடிசத்தைக் கைவிட்டு, நோயாளியைப் பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு மாறினார், சோபாவை விடவில்லை. பெர்க்காஸே 19-ஆம் எண் வீட்டில் அதன்மேல் பாரசீகக் கம்பளம் விரித்து, படுத்திருப்பவர் கண்ணில் படாதபடி தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். 1913-ல் காரணத்தையும் எழுதினார்: தினம் எட்டு மணி நேரம் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை, தவிர, தன் முகக்குறியைப் பார்த்து நோயாளி பேச்சை மாற்றிவிடக் கூடாது. எனக்கென்னவோ முதல் காரணம்தான் உண்மையாகப் படுகிறது.

முகத்தை மறைத்ததால் அவர் செல்வாக்கு குறைந்துவிடவில்லை. 1933-ல் அதில் படுத்த அமெரிக்கக் கவிஞர் ஹில்டா டூலிட்டில், பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஃப்ராய்ட் திடீரென்று சோபாவின் தலைமாட்டைக் கையால் குத்தி, தான் கிழவன் என்பதால்தான் தன்மேல் அன்புவைக்க அவருக்குத் தோன்றவில்லை என்று முறையிட்டாராம். கவிஞர் வாயடைத்துப்போனார். நிஜமான ஆதங்கமா, தன்னைப் பேசவைக்கும் உத்தியா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை நாஜிகள் விழுங்கினார்கள். ஜூன் 4-ஆம் தேதி ஃப்ராய்ட் வியன்னாவை விட்டுக் கிளம்பினார். நாட்டைவிட்டுப் போவதற்கான வரியைக் கட்டிய பிறகு சாமான்களும் லண்டன் வந்து சேர்ந்தன. மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் வீட்டிலும் அதே சோபாவில் நோயாளிகள் படுத்தார்கள். 1939 செப்டம்பர் 23 அன்று ஃப்ராய்ட் இறந்தார்.

சோபா அங்கேயே நின்றுவிட, பேச்சால் குணப்படுத்தும் தொழில் அமெரிக்காவில் எழுந்து உட்கார்ந்தது. நேருக்கு நேர் அமர்ந்து கேட்ட உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-ல், ஆலோசகர் வழிகாட்டக் கூடாது என்று எழுதினார். அவருடைய அமர்வுகளின் ஒலிப்பதிவையே உளவியலாளர் சார்லஸ் ட்ருவாக்ஸ் ஆராய்ந்து 1966-ல் சொன்னது: ரோஜர்ஸின் கனிவு எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை; சிலவகைப் பேச்சுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, அந்தப் பேச்சு வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் இன்னொரு உளவியலாளர் ஸ்டான்லி ஸ்ட்ராங் பூசிமெழுகாமல் எழுதினார்: ஆலோசனை என்பதே செல்வாக்கைச் செலுத்துவதுதான். ஆலோசகரின் திறமைமீது மதிப்பும், அவரிடம் ஈர்ப்பும், நம்பிக்கையும் வந்தால்தான் அவர் சொல் ஏறும். ஃப்ராய்ட், ரோஜர்ஸ், ஸ்ட்ராங் மூவரில் நேர்மையானவர் ஸ்ட்ராங்தான்.

ஃப்ராய்டின் லண்டன் வீடு 1986-ல் அருங்காட்சியகமானது. வியன்னா வீடு 1971 முதலே அருங்காட்சியகம்தான், ஆனால் சோபா அங்கே இல்லை. அதைப் பார்க்க நினைப்பவர்கள் லண்டனுக்குத்தான் போக வேண்டும்.