குணசேகரன் வீடும் வாவிக்கரை வீடுகளும்: மட்டக்களப்பில் 'எதிர்நீச்சல்' பார்த்த கதை

சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' நாடகத்தில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 2023 செப்ரெம்பர் 8ஆம் திகதி காலை சென்னையில் காலமானார். அதே நாடகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மூச்சுத்திணறல் வந்து வைத்தியசாலைக்குப் போனவர் அங்கேயே உயிரிழந்தார். சில நாட்களுக்கு முன்னர்தான் குணசேகரன் நெஞ்சுவலியைப் பற்றிப் பேசும் காட்சியொன்று ஒளிபரப்பாகியிருந்தது. அதனால் இங்கே பலருக்கு நடிகரின் சாவையும் பாத்திரத்தின் விதியையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாடகத்தில் அவரைத் திட்டித் தீர்த்த பெண்கள்தான் அன்று கூடுதலாகக் கவலைப்பட்டார்கள்.

நாடகம் என்றே எழுதுகிறேன். 'சீரியல்' என்ற சொல் இந்தியாவில் செல்லும், எங்கள் வீடுகளில் அது நாடகம்தான். 2022 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கிய 'எதிர்நீச்சல்' திருச்செல்வத்தின் இயக்கம். 2003 நவம்பரிலிருந்து 2009 டிசம்பர் வரை ஓடிய 'கோலங்கள்' நாடகத்தை இயக்கி, தொல்காப்பியனாக நடித்தவரும் இவரே. ஆறு வருடங்களில் 1500க்கும் மேற்பட்ட பகுதிகள். அதே ஆறு வருடங்களில்தான் மட்டக்களப்பு ஆழிப்பேரலையைக் கண்டது. 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்தது. வாவிக்கு மேற்கே பல ஊர்களில் அப்போது கரண்ட் இல்லை. பற்றரியில் ஒரு ரிவி ஓடும், அதற்கு முன்னால் அயலே கூடியிருக்கும். பற்றரி இறங்கிவிட்டால் அன்றைய மிச்சக் கதையை அடுத்த நாள் எழுவான்கரைக்கு வேலைக்குப் போனவர்கள் கேட்டு வந்து சொல்வார்கள். நாடகத்தைக் கூடியிருந்து பார்த்து, கூடியிருந்து விமர்சிக்கும் பழக்கம் இங்கே அப்படித்தான் ஊறியது.

'எதிர்நீச்சல்' கதை மதுரைப் பக்கத்தில் நடக்கிறது. குணசேகரனும் தம்பிமாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என நான்கு மருமக்களும் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்கள். படித்தும் வேலைக்குப் போக முடியாது, கேள்வி கேட்டால் அதட்டல். இந்த அமைப்பை மட்டக்களப்புப் பெண்கள் பார்க்கும் விதம் மதுரையில் இருப்பவர்கள் பார்க்கும் விதமாக இருக்க முடியாது. காரணம் எளிது: இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். தாய் தகப்பன் முடிந்தால் பக்கத்தில் வேறொரு வீடு கட்டி விலகிக்கொள்வார்கள். குடி தாய்வழியில் வருகிறது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, இந்த வழமை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒன்றுபோல இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். பழைய முக்குவர் சட்டத்தை 1876இலேயே பிறிற்றோ என்பவர் நூலாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்துத் தேசவழமை வேறு, இது வேறு.

ஆகவே குணசேகரன் "என்ர வீடு" என்ற தொனியில் கத்தும்போது, இங்கே உள்ள மாமிமாருக்கு முதலில் வருவது கோபமல்ல, குழப்பம். இந்தப் பிள்ளைகளுக்குத் தாய்வீட்டில் ஒரு துண்டு வளவும் கொடுக்கவில்லையா என்று என் பெரியம்மா முறையான ஒருவர் பல தடவை கேட்டிருக்கிறார். அப்பத்தா பட்டம்மாளின் (நடித்தவர் பம்பாய் ஞானம்) பெயரிலுள்ள நாற்பது வீதச் சொத்தை அபகரிக்கக் குணசேகரன் அலைந்ததுதான் முதற் பாகத்தின் முதுகெலும்பு. அந்தப் பகுதிகள் வந்த நாட்களில் நாடகத்தைப் பற்றிய பேச்சு உறுதிப் பேச்சாகவே மாறிவிடும்: யாருடைய பெயரில் உறுதி, யாருடைய பெயரில் பேர்மிற்.

அதற்கும் காரணம் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்கில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கே எழுதப்பட்டன. தாய்வழியாக வந்த பெண்ணின் வளவு கடலோடு போக, மாற்று வீடு புருசன் பெயரில் வந்தது. அரச காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, வாரிசு நியமிக்கப்படாதபோது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இவையெல்லாம் அன்றாடக் கதை. குணசேகரன் மதுரையில் மட்டும் இருப்பவரல்லர், சில நேரம் அவர் ஒரு படிவத்தில் உள்ள பெட்டியாகவும் இருப்பார்.

மாரிமுத்துவின் மறைவுக்குப் பின் நாடகம் எடுத்த வழிதான் இங்கே கூடுதலாகப் பேசப்பட்டது. குணசேகரன் கடிதமொன்றை எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று கதையை நகர்த்தினார்கள். சில வாரங்கள் அந்த வீடு அவரைத் தேடியது.

செப்ரெம்பர் எங்களுக்குச் சும்மா வரும் மாதமல்ல. 1990 செப்ரெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான் படுகொலை. வருடாவருடம் அந்த வாரத்தில் படங்களைத் தூக்கிக்கொண்டு தாய்மார் நிற்கிறார்கள். அதே வாரத்தில் மாரிமுத்து இறந்தார், அதன் பின்னால் திரையில் ஒரு வீடு காணாமற்போனவருக்காகக் காத்திருந்தது. கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் அக்கா ஒருவர் அந்த வாரங்களில் நாடகம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். கடிதமாவது எழுதி வைத்தானே என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே விமர்சனம்.

வேறு ஆளைப் போடுவதா, பாத்திரத்தையே சாகவிடுவதா என்று மற்ற வீடுகளில் வாதம் நடந்தது. குணசேகரன் செத்துவிட்டால் மருமக்களுக்கு எதிர்நீச்சலே இல்லை என்று சொன்னவர்கள் கதையைச் சரியாகப் பிடித்தவர்கள். படத்துக்கு மாலை போடாமல் இன்னொருவரைக் கொண்டுவருவது பாவம் என்றார்கள் வேறு சிலர். காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்க 2016இல் இலங்கையில் சட்டம் வந்தது. அதையும் வாங்க மாட்டோம் என்று நிற்கும் குடும்பங்கள் உண்டு. மாலை போடுவதா வேண்டாமா என்ற கேள்வி இந்த ஊரில் ஒரு நாடகத்தோடு முடிகிற கேள்வியல்ல.

கடைசியில் ஒக்ரோபரில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், சினிமாவிலும் மிரட்டியவர். நல்ல நடிகர், ஆனாலும் அவரது அதட்டலில் சிரிப்பு வரவில்லை என்பது இங்கே பொதுவான குறை. மாரிமுத்துவின் குணசேகரன் திட்டும்போதே நக்கலடிப்பார், அதனால்தான் அவரை வெறுத்துக்கொண்டே பார்க்க முடிந்தது. என் கணிப்பும் அதுவே. 2024 ஜூனில் முதற் பாகத்தை முடித்தபோது அவசரமாக மூடியது போலவே இருந்தது.

2024 டிசம்பர் 23ஆம் திகதி 'எதிர்நீச்சல் தொடர்கிறது' தொடங்கியபோது கேள்வி ஜனனியைப் பற்றியதாயிற்று. மதுமிதா திரும்பவில்லை, பார்வதி ஜனனியானார். மதுமிதாவோ விஜய் தொலைக்காட்சியின் 'அய்யனார் துணை'யில் நிலாவாக வந்து சேர்ந்தார். இங்கே அதைப் பிள்ளை வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டது போலப் பேசினார்கள், இரண்டு நாடகத்தையும் பார்க்கிறார்கள். பிறகு ஈஸ்வரி வைத்தியசாலையில் கிடந்த பகுதிகள் வந்தபோது, கனிஹா விலகப் போகிறாரோ என்று ஒரு பதற்றம். ஒருவர் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தால் நடிகைக்குச் சம்பளப் பிரச்சினை என்று கண்டுபிடிக்குமளவுக்கு எங்கள் பார்வையாளர்கள் தேறிவிட்டார்கள்.

சென்னை நடிகர்களின் எதிர்காலத்தை இவ்வளவு அக்கறையோடு அலசும் ஊரில் நடிகர்களுக்குக் குறைவில்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடிய விடிய ஆடும் ஊர்கள் வாவியின் இரு கரையிலும் இருக்கின்றன. கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம் நாடகத்தில் பட்டதாரிகளை உருவாக்குகிறது. முன்னொரு காலத்தில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற வானொலி நாடகங்களுக்கு இலங்கை வானொலியின் முன்னால் நாடே காத்திருந்தது. இன்று உள்ளூர்த் தமிழ் அலைவரிசைகளிலும் முக்கிய நேரத்தைப் பெரும்பாலும் இந்திய நாடகங்களே நிரப்புகின்றன. வாங்கி ஒளிபரப்புவது தயாரிப்பதைவிட மலிவு. நாடகம் படித்த என் நண்பர்கள் சிலர் பாடசாலைகளில் அழகியல் ஆசிரியர்கள், இன்னும் சிலர் அந்த நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் மாரிமுத்துவைப் போலவே பேசிக் காட்டுவார், கலியாண வீடுகளில் அதற்கு நல்ல கிராக்கி.