டிமென்ஷியா ஆபத்துக் காரணிகளில் ஆண்–பெண் வேறுபாடு: இந்தியச் சூழலில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதிநோயுடன் வாழ்வதாக லாசி-டாட் (LASI-DAD) எனும் இந்திய முதியோர் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் நோய் மிகுதி. இதில் உடற்கூற்றின் பங்கு எது, வாழ்நிலையின் பங்கு எது என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆயுள்

வயதே முதன்மைக் காரணி. பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதால் நோயாளர் எண்ணிக்கையிலும் மிகுகின்றனர். மேலும், இதயம் நலிந்த ஆண்கள் பலர் முன்னரே இறந்துவிடுகின்றனர். எண்பதைத் தொடும் ஆண்கள் ஒப்பீட்டளவில் திடமானவர்கள். எனவே முதியோரை மட்டும் ஒப்பிடுவது ஆண்களின் ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆனால், இந்தியாவில் இருபாலார் ஆயுள் இடைவெளி சில ஆண்டுகளே. அது முழு விளக்கம் ஆகாது.

3. உடற்கூறு

3.1 மரபணு: டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஏபிஓஈ-4 மரபணு வகையின் ஒரு படியைப் பெற்றவர்களில், 65 முதல் 75 வயது வரை பெண்களுக்கே ஆபத்து கூடுதல் என 2017இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

3.2 ஹார்மோன்: மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதும் காரணமாகக் கருதப்படுகிறது. அதற்காக முதுமையில் ஹார்மோன் கொடுத்தால் நோய் தடைபடும் என்பதில்லை. 65 வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன்–புரோஜெஸ்டின் கூட்டு மருந்து தந்து நடத்திய சோதனையில் டிமென்ஷியா ஆபத்து சுமார் இருமடங்கானது (2003).

3.3 இரத்தநாளம்: 23 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, நீரிழிவால் கூடும் இரத்தநாள டிமென்ஷியா ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு 19 விழுக்காடு அதிகம். கர்ப்பகால இரத்த அழுத்த நோயான பிரீ-எக்லாம்சியாவுக்கு ஆளான பெண்களிடம் இவ்வகை டிமென்ஷியா ஆபத்து மும்மடங்குக்கு மேல் என டென்மார்க் தரவுகள் காட்டின.

4. கல்வி

இந்தியச் சூழலில் ஆழ்ந்து நோக்க வேண்டியது கல்வியே. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்களின் எழுத்தறிவு சுமார் 40 விழுக்காடு. பெண்களுடையது 15 மட்டுமே. அன்று பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுமிகளே இன்றைய மூதாட்டிகள். இளமைக் கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது. நோய் மூளையை அரித்தாலும் அறிகுறிகள் வெளிப்படத் தாமதமாகும். அச்சேமிப்பு பெண்களுக்கு மறுக்கப்பட்டது.

அளவீட்டிலும் இடர் உண்டு. எழுதப்படிக்கத் தெரிந்தோருக்கான சோதனையில் கல்லாமை நோயாகத் தோன்றும். கல்லாத முதியோருக்கென இந்தி மனநிலைச் சோதனை தனியே உருவாக்கப்பட்டதன் காரணம் அதுவே.

5. ஆண்களின் சுமை

ஆண்களிடம் மிகும் ஆபத்துக் காரணிகளும் உண்டு. இந்தியாவில் 2016–17இல் நடந்த புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி புகைப்போர் ஆண்களில் 19 விழுக்காடு, பெண்களில் 2. மது, தலைக்காயம் ஆகியவையும் ஆண்களிடமே மிகுதி. இவை தனிமனித முயற்சியாலும் சட்டத்தாலும் தவிர்க்கக்கூடியவை.

6. முடிவு

திருத்தத்தக்க 14 காரணிகளைக் களைந்தால், உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கூறியது. அவற்றில் குறைந்த கல்வியும் ஒன்று. மரபணுவை மாற்ற இயலாது. பள்ளி வாசலைத் திறந்து வைக்க இயலும். ஆய்வாளர் தரவுகளை இருபாலாருக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும். மருத்துவர் நடுவயதுப் பெண்களிடம் கர்ப்பகால இரத்த அழுத்தம் பற்றித் தவறாது கேட்க வேண்டும். அரசு பெண்கல்வியை மூளைநலத் திட்டமாகவும் கருத வேண்டும்.