ஆயிரத்து இருபத்து நான்கு கட்டங்கள்

கணினியில் ஓவியம் வரையப் புகுவோர் பலரும் முதலில் கேட்பது, 'எந்தக் கருவியை வாங்கலாம்?' என்பதே. இதற்கு வரலாறு தரும் விடை சற்று வியப்பானது.

1982ஆம் ஆண்டு சூசன் கேர் சிற்பப் பணியில் ஈடுபட்டிருந்தார். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். கணினி வரைகலையிலோ முன்னனுபவம் அற்றவர். பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைய அழைத்தார். அவர் சொன்ன வழி எளிது: கட்டத்தாள் வாங்கி, 32க்கு 32 சதுரத்துள் கட்டங்களை நிரப்பிப் பார்க்க வேண்டும். மொத்தம் 1,024 கட்டங்கள். கருப்பு, வெள்ளை தவிர வேறு நிறமில்லை.

மொசைக், தையல் சித்திர வேலைகளை அறிந்த கேருக்கு இந்த நெருக்கடி புதிதன்று. 1984 ஜனவரியில் வெளிவந்த மெக்கின்டாஷில் புன்னகைக்கும் கணினியும் திரி எரியும் வெடிகுண்டும் அவ்வாறே பிறந்தன. கட்டளை விசைக்கான குறியை அவர் புதிதாகப் படைக்கவில்லை. குறியீட்டு அகராதியொன்றைப் புரட்டி, சுவீடனில் காணத்தக்க இடங்களைச் சுட்டும் வளையச் சதுரத்தைத் தேர்ந்தார். தேடிக் காண்பதும் வரைகலையின் ஒரு பகுதிதானே.

அக்கட்டத்தாள் ஓவியங்கள் 2015இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இடம்பெற்றன. வரையத் தொடங்குவோர், கோடி வண்ணங்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, 32 கட்டங்களுக்குள் ஒரு முகத்தை வரைந்து பார்க்கலாம். எந்தப் புள்ளி இன்றியமையாதது என்பதைக் கை அப்போதுதான் கற்கும்.