அரிதாரம் பூசிய விரலும் ஈர ஸ்பாஞ்சும்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் ரயில் பாதையில் தமிழக எல்லையோரம் அமைந்த ஆரம்பாக்கமும், அதன் கிழக்கே பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களும் பழைய தொண்டை மண்டலத்தின் வடகோடியைச் சேர்ந்தவை. தெருக்கூத்து வேரூன்றி வளர்ந்த நிலம் இந்தத் தொண்டை மண்டலம். திரௌபதி அம்மன் விழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நடந்து, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் விழா நிறைவுறுவது இதன் பல ஊர்களில் இன்றும் தொடரும் வழக்கம். தமிழகத்தில் முகத்துக்கு நிறம் பூசும் தொழில் எந்தக் கருவியைக் கொண்டு நடந்தது, அந்தக் கருவி யார் கையில் இருந்தது என்று ஆராய்பவர்கள் இந்தக் கூத்து மரபிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கூத்தில் வேடம் கட்டுபவர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார். கண்ணாடியை ஒரு கையில் பிடித்தபடி, முதலில் தேங்காய் எண்ணெயை முகமெங்கும் தடவி, முத்துவெள்ளை எனப்படும் வெண்பொடியையும் வண்ணப்பொடிகளையும் உள்ளங்கையில் எண்ணெய் விட்டுக் குழைத்து, நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் விரல் நுனியால் இழுத்துப் பரப்பி, அது படிந்தபின் ஈர்க்குச்சியால் புருவத்தையும் மீசையையும் புள்ளிகளையும் தீட்டுவார். கந்தகமும் ஆர்செனிக் என்னும் நச்சுத் தனிமமும் சேர்ந்த மஞ்சள் கனிமமாகிய அரிதாரம், காலப்போக்கில் எல்லா வேடப்பூச்சுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இங்கே கருவி என்று தனியே ஒன்று கிடையாது. விரலே கருவி, அது பூசிக்கொள்பவரின் சொந்த விரல். ஒருவர் முகத்தில் பட்டது இன்னொருவர் முகத்தில் படாது என்பதால், மருத்துவ நோக்கில் இது பின்னாளைய பல முறைகளைவிடத் தூய்மையானது. ஆயினும் பூசிய நிறங்கள் அனைத்தும் தோலுக்கு நல்லவை என்று சொல்வதற்கில்லை.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையும், சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த நாடகக் கம்பெனிகளும் மேடையைக் கூரைக்குள் கொண்டுவந்தபோது முகப்பூச்சின் தேவையும் மாறத் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், 1873இல் தொடங்கப்பட்ட லெய்ஷ்னர் என்ற ஜெர்மானிய நிறுவனம், கொழுப்பில் நிறமியைக் குழைத்துக் குச்சிகளாக வார்த்த கிரீஸ் பெயிண்டை உலக நாடக மேடைகளுக்குப் பரப்பிக்கொண்டிருந்தது. ஆயினும் அதையும் விரலால்தான் தேய்த்தார்கள். ஸ்பாஞ்சைக் கட்டாயமாக்கியது சினிமா.

1931இல் தமிழ் பேசும் படம் வந்துவிட்டாலும், அந்த மாற்றம் நிகழ்ந்தது 1930களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில். வண்ணப்படச் சுருளில் கிரீஸ் பெயிண்டின் பளபளப்பு சுற்றியிருந்த நிறங்களையெல்லாம் முகத்தில் எதிரொளித்துக் காட்டியதால், மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் பளபளப்பற்ற ஒரு பூச்சை உருவாக்கி, அதை வில்லையாக அழுத்தி, ‘பேன்கேக்’ என்ற பெயரில் விற்றது. இந்த வில்லையை விரலால் எடுக்க முடியாது. நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை அதன்மேல் தேய்த்து, நிறத்தை ஏற்றிக்கொண்டு, முகத்தில் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். இன்று பவுண்டேஷன் எனப்படும் அடிப்பூச்சை ஈர ஸ்பாஞ்சால் இடும் பழக்கம் பரவியதில் இந்த வில்லைக்குப் பெரும்பங்கு உண்டு.

எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பேன்கேக் லாரி லாரியாக வாங்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்ததாக நம்பப்பட்ட ஒரு கட்டடத்தின் மாடியில் ஒப்பனைப் பிரிவு இயங்கியது. கண்ணாடிகளைச் சுற்றிலும் பல கோணங்களில் எரிந்த விளக்குகளின் வெப்பத்தில்தான் நடிகர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வங்காளி, மராட்டியர், கன்னடர், ஆந்திரர், ஆங்கிலோ-பர்மியர், தமிழர் என்று பல ஊரார் அங்கே வேலை பார்த்தாலும் படிநிலை மட்டும் இறுக்கமாக இருந்தது. தலைமை ஒப்பனையாளர் நாயக நாயகியரையும், அவருக்கு அடுத்தவர் இரண்டாம் நிலை நடிகர்களையும், அதற்கும் கீழுள்ளவர் நகைச்சுவை நடிகரையும் கவனிக்க, கூட்டக் காட்சிக்கு வந்தவர்களின் முகங்கள் ‘ஆபீஸ் பையன்’ என்று அழைக்கப்பட்ட கடைநிலை ஊழியருக்கு விடப்பட்டன. அவர் பெரிய பாத்திரம் ஒன்றில் பூச்சைக் கரைத்து வரிசையாக அப்பிக்கொண்டே போவார். ஒரு முகத்துக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கவனம் என்பதை அந்த முகத்தின் சம்பளமே தீர்மானித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தன் முகத்தைத் தானே எழுதிய கூத்தாடியின் உரிமையை ஸ்டூடியோ பறித்துக்கொண்டது; தமிழ்ச் சினிமா வரலாற்று நூல்கள் இந்த இழப்பைப் போதிய அளவு பேசவில்லை.

ஸ்பாஞ்சின் மூலப்பொருளுக்கும் தனி வரலாறு உண்டு. தொடக்கத்தில் அது கடலடியில் வாழும் ஓர் உயிரினத்தின் எலும்புக்கூடு போன்ற நார்ச்சட்டகம். கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவினர் மத்தியதரைக் கடலில் மூழ்கி அதை எடுத்து விற்றுவந்தனர். 1938 முதல் பரவிய ஒரு நோய் கரீபியன் கடற்பகுதியின் ஸ்பாஞ்சு வளத்தைப் பெருமளவு அழித்தது. அதற்கு முன்பே 1929இல் டன்லப் நிறுவனத்தில் ரப்பர்ப் பாலை நுரைக்க வைக்கும் முறையும், 1937இல் ஜெர்மனியில் பாலியூரித்தேனும் கண்டறியப்பட்டதால், பின்னர் செயற்கை நுரையே சந்தையைப் பிடித்தது. முக்கோண வடிவில் வெட்டிய ரப்பர் நுரைத் துண்டுகள் மேக்கப் பெட்டிகளில் நெடுங்காலம் இருந்தன. முட்டை வடிவ ஸ்பாஞ்சு 2000களில்தான் பரவியது.

வடிவம் எதுவானாலும் நுரையின் இயல்பு ஒன்றே. காய்ந்த ஸ்பாஞ்சு விலை கொடுத்து வாங்கிய பூச்சில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடும்; தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் வைத்து அழுத்திப் பிழிந்தால் துளைகளை நீர் நிரப்பிக்கொள்வதால் பூச்சு மேற்பரப்பிலேயே தங்கும். இழுத்துத் தேய்த்தால் கோடு விழும், அடியிலுள்ள படலமும் பெயரும். ஆகவே ஒற்றி ஒற்றி எடுப்பதே முறை. ஆனால் ஈரமும் எண்ணெயும் தோலின் இறந்த செல்களும் ஓரிடத்தில் சேர்வது கிருமிக்கும் பூஞ்சைக்கும் நல்ல இடம். உப்புக்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த பழவேற்காட்டுக் கரையில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், இந்த ஆபத்து இன்னும் கூடும். பயன்படுத்திய அன்றே சோப்பு போட்டு, பிழியும் நீர் தெளிவாக வரும்வரை அலசி, டப்பாவில் மூடாமல் காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். உள்ளே கரும்புள்ளி தெரிந்தாலோ கழுவியும் நாற்றம் போகாவிட்டாலோ தூக்கி எறிந்துவிட வேண்டும்.

இந்தக் கருவி பெண்களின் கைக்கு வந்த கதை தாமதமானது. மும்பைத் திரையுலகில் பெண்கள் தலை அலங்காரம் செய்யலாம், முகத்துக்கு மேக்கப் போடுவதற்கான உறுப்பினர் அட்டை மட்டும் அவர்களுக்குக் கிடையாது என்ற தொழிற்சங்க விதியை 2014 நவம்பரில், ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. படப்பிடிப்புத் தளத்தில் கதவு மூடியிருந்த ஆண்டுகளிலேயே, அழகு நிலையங்களிலும் திருமண வீடுகளிலும் மணப்பெண் அலங்காரம் பெண்களின் தொழிலாக வளர்ந்துவிட்டது. ஒரு முகூர்த்த நாளில் மணப்பெண், நாத்தனார், தோழியர் என்று பல முகங்களைப் பார்க்கும் அவர்கள், ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஸ்பாஞ்சு எடுப்பதைச் செலவாகக் கருதக் கூடாது. கண்நோயும் தோல்நோயும் ஒரே ஸ்பாஞ்சின் வழியாக ஒரு வீடு முழுவதும் பரவக்கூடும். மணப்பெண்ணின் வீட்டாரும் முன்பணம் கொடுக்கும்போதே, எத்தனை ஸ்பாஞ்சு கொண்டுவருவார்கள் என்பதைக் கேட்டுவிட வேண்டும்.