லண்டனில் கெட்ட கடல்நீர்

1846ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரைக்குப் போன அன்னா தைன் அங்கே பாறையிடுக்கில் சிறு பவள உயிர்களைப் பார்த்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியாரின் மனைவி அவர். பவளங்களை ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரம்பிய ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஊர் வந்து சேர்ந்ததும்தான் தலைவலி தொடங்கியது. ஜாடித் தண்ணீர் கெட்டுப்போகும், புதுத் தண்ணீருக்குக் கடலிடம்தான் போக வேண்டும், லண்டனுக்குப் பக்கத்தில் கடல் இல்லை. அவர் கண்டுபிடித்த வழி எளியது. திறந்த ஜன்னலோரம் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி, முக்கால்மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஊற்றியது அவரல்ல, வீட்டு வேலைக்காரப் பெண். 1847 வசந்தத்தில் கடற்பாசிகளையும் சேர்த்துப் பார்த்தார். பவளங்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்துப் பெருகவும் செய்தன. கடல்நீர் மீன்தொட்டியின் வரலாறு பெரும்பாலும் விஞ்ஞானிகளின் பெயரால் எழுதப்படுகிறது. அந்தப் பணிப்பெண்ணின் கைவலிக்கும் அதில் ஒரு வரி தரலாம்.

அன்னாவும் பணிப்பெண்ணும் எதிர்கொண்ட சங்கடம் இன்றும் மாறவில்லை. நேற்றுவரை கண்ணாடிபோல இருந்த தண்ணீர் இன்று காலை பால்போல் கலங்கி நிற்கும், நாற்றமடிக்கும், மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும். பாறைக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் ஒரு கடல் சாமந்தி செத்துக் கிடப்பதே போதும். அழுகும் உடலில் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன. அதே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் கையிருப்பும் சிறிதுதான். கூடவே அம்மோனியா சேருகிறது. இந்த அம்மோனியாவின் நச்சு, நீரின் காரத்தன்மையோடு ஏறும். பிஹெச் அளவு ஓர் எண் உயர்ந்தால் நச்சு வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். கடல்நீரின் பிஹெச் 8.2ஐ ஒட்டியது. குளத்து மீன் தாங்கிக்கொள்ளும் அளவு கடல் மீனைக் கொன்றுவிடுவது இதனால்தான்.

ஆனால் 1840களில் அம்மோனியாவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லாப் பழியும் ஆக்சிஜன் பற்றாக்குறை மேல் விழுந்தது.

லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1849இல் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் விட்டார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியதும் கணக்கு இடறியது. குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. இந்த முடிவை 1850இல் வேதியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். பிறகு கடல்நீரில் இறங்கினார். செம்பாசியும் பழுப்புப் பாசியும் கைகொடுக்கவில்லை, பச்சைப் பாசி கைகொடுத்தது. செடியும் விலங்கும் சமநிலையில் இருந்தால் தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்ற கொள்கை இப்படித்தான் வேரூன்றியது. அழகான கொள்கை. பாதிதான் உண்மை.

கண்ணாடி மீதான வரி 1845இல் நீங்கியிருந்தது, ரயில்பாதைகள் கடற்கரைவரை நீண்டிருந்தன. 1853 மே மாதம் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறந்தது. உலகின் முதல் பொது மீன் காட்சியகம் அதுதான். மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ நூல் வெளிவந்ததும் நடுத்தர வீடுகளின் வரவேற்பறைகளில் எல்லாம் கடல் வந்து உட்கார்ந்துவிட்டது. ரயிலில் பீப்பாய்த் தண்ணீர் தருவிக்க முடியாதவர்களுக்காகச் சமையலுப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நாலு உப்புகளில் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் காஸ் சொல்லித் தந்தார். பின்னாளில் அவர் மகன் எட்மண்ட், அப்பாவின் நூல்களைப் படித்துக் கிளம்பிய கூட்டம் இங்கிலாந்தின் கரையோரப் பாறைக்குட்டைகளை எப்படிச் சூறையாடியது என்று வருத்தத்தோடு எழுதினார்.

சூறையாடி வந்ததில் பெரும்பகுதி வீட்டில் செத்தது. தண்ணீர் கெட்டால் அன்றைய கைமருந்துகள் இவை: செத்ததைத் தேடி எடுத்து எறி, பீச்சாங்குழலால் நீரை உறிஞ்சித் திரும்பப் பீச்சு, மரக்கரி வழியே வடிகட்டு. மூன்றுமே உருப்படியான யோசனைகள்தான். அதற்கும் அசையாவிட்டால் தொட்டியை அடியோடு காலிசெய்து, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, புதிதாகத் தொடங்குவார்கள். கெடுதல் அங்கேதான் இருந்தது. கல்லின் மேல் வழவழவென்று படிந்திருந்ததுதான் அந்தத் தொட்டியின் காவல், அதைச் சுரண்டிச் சாக்கடையில் விட்டார்கள். சில வாரங்களில் மறுபடி நாற்றம். பத்துக்கு ஒன்பது தொட்டிகள் கைவிடப்பட்டுவிட்டன என்று எழுத்தாளர் ஜே. ஜி. வுட் 1868இல் எழுதும்போது அந்த மோகம் அடங்கியிருந்தது.

மோகம் அடங்கிய பிறகும் விடாமல் நின்றவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட். பணக்காரர் அல்ல, பட்டம் பெற்றவரும் அல்ல. லண்டனில் மீன்தொட்டிச் சாமான் கடை வைத்து, அடிபட்டுத் தேறியவர். நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காட்சித் தொட்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு நீர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1864இல் ஹாம்பர்க் விலங்குக்காட்சிச் சாலையிலும், 1871இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸிலும் அதைக் கட்டிக் காட்டினார். தரைக்கடியில் பெரும் நீர்த்தேக்கம், நீராவியால் ஓடும் பம்புகள், ஒரே கடல்நீர் மாறாமல் சுற்றிச்சுற்றி வரும். மேலே ஒரு தொட்டியில் ஏதாவது செத்து அழுகினாலும், அந்த நஞ்சு பெரு நீரில் கரைந்து நீர்த்துப்போகும். வெயிலால் பச்சை பிடித்த நீர் இருட்டில் தெளியும். நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய கடலாய்வு நிலையத்தின் காட்சியகம் 1874இல் திறந்தபோது அதற்கும் லாயிட்தான் ஆலோசகர். இத்தனைக்கும் அவரும் ஆக்சிஜனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காரணத்தைத் தவறவிட்டுத் தீர்வைச் சரியாகப் பிடித்தவர் அவர். இந்தத் துறை வாரிங்டனைவிட லாயிடுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது.

(சென்னை மெரினாவில் 1909இல் திறந்த மீன் காட்சியகத்துக்குக் கடல் கூப்பிடுதூரம். லண்டன்காரர்கள் பொறாமைப்பட்டிருப்பார்கள்.)

சரியான காரணம் வேறொரு வாசல் வழியாக வந்தது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரைச் சொட்டச்சொட்ட விட்டார்கள். சுமார் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளியே வந்த நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. ஆக, வேலை செய்தது உயிருள்ள ஏதோ ஒன்று. இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்து, அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, நைட்ரைட் பிறகு நைட்ரேட் ஆகிறது, இரண்டும் தனித்தனிப் படிகள் என்று காட்டினார். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீனும் நத்தையும் வளர்த்தவரின் மகன், அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பழகியவர். ஆனால் அந்த நுண்ணுயிரை அவரால் தனியே பிரிக்க முடியவில்லை. கரிமச் சத்துள்ள வழக்கமான ஊட்டக் கலவையில் அது வளராது என்று புரிந்துகொண்டு, 1890இல் சூரிக்கில் அதைப் பிரித்தெடுத்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி.

கூழாங்கற்களின் வழவழப்பிலும் இதே வகை நுண்ணுயிர்கள்தான் குடியிருந்தன. அப்பாவின் தொட்டிக்கான பதிலை மகன் வயலின் மண்ணில் கண்டார். பதில் மண்ணிலிருந்து மீன்தொட்டிக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, மணல், காற்றுக்குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளங்களை வளர்க்கும் தன் முறையை ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைப் பாறையின் துளைகளில் குடியிருந்த நுண்ணுயிர்கள் செய்தன. 1970இல் ஸ்டீபன் ஸ்பாட், மூடிய நீரமைப்புகளைப் பராமரிப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் பிறகுதான் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்ற மூன்று சொற்களும் கடைக்காரர் வாயில் புழங்கத் தொடங்கின.

இப்போது தண்ணீர் திடீரென்று கெட்டால் அனுபவசாலிகள் செய்வது லாயிடின் வழியும் மகன் வாரிங்டனின் வழியும் கலந்தது. இரை போடுவதை நிறுத்துவார்கள், காற்றைக் கூட்டுவார்கள், உப்பளவும் வெப்பமும் ஒத்த புதுக் கடல்நீரை மாற்றி நஞ்சை நீர்க்கச் செய்வார்கள். நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருப்பதால், பாறையையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவ மாட்டார்கள்.

இந்தக் கதையில் அறிவியல் தொட்டியிடம் திரும்பி வந்து பாடம் கேட்ட ஒரு கட்டமும் உண்டு. அம்மோனியாவை உண்பது பாக்டீரியா மட்டுமே என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிரும் அதைச் செய்கிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயரிடப்பட்ட அந்த உயிரின் நெருங்கிய உறவினர்கள் உலகக் கடல்களில் மிக அதிகமாக வாழும் நுண்ணுயிர்களைச் சேர்ந்தவை. ஆனால் அதை முதலில் பிரித்தெடுத்தது ஆழ்கடலிலிருந்து அல்ல, அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்தில் இருந்த ஒரு வெப்பமண்டல மீன்தொட்டியிலிருந்து.