செம்மதுவும் தென்னங்கள்ளும்

மலாக்கா மாநிலத்தில் புக்கிட் ரம்பாய் என்னும் ஊர் ஒரு பழத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது இளமஞ்சள் நிறத்தோல் கொண்ட புளிப்பினிப்புப் பழம். அடிமரத்திலிருந்தும் கிளைகளிலிருந்தும் நீண்ட சரங்களாகத் தொங்கும் அப்பழத்தைத் தொலைவில் நின்று காண்போர்க்குத் திராட்சைக் குலையின் நினைவு வரக்கூடும். ஒற்றுமை அந்தத் தோற்றத்தோடு முடிந்துவிடுகிறது. மதுவுக்குரிய திராட்சை இம்மண்ணின் பயிரன்று. எனினும், திராட்சை மதுவின் வரலாற்றுக்கும் மலாக்காவின் வரலாற்றுக்கும் எதிர்பாராத ஓர் உறவுண்டு. 1511இல் போர்த்துக்கீசியரும், 1641இல் டச்சுக்காரரும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரும் இந்நகரை அடைந்தனர். இம்மூன்று நாட்டினரும் பிரான்சு நாட்டுப் போர்தோ வட்டாரச் செம்மதுவின் இயல்பை மாற்றியதிலும் பங்குடையவர்கள் ஆவர்.

மதுவின் சுவை வேறுபாடுகளைத் தமிழ் மாணவர்முன் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பவர்கள் அவர்கள். ஆயினும், ஒரு பொருளைக் குடிப்பது வேறு. அதன் வரலாற்றை அறிவது வேறு. யார் ஒப்பிட்டுச் சுவைத்தார்கள், யாருக்கு அந்த வாய்ப்பு இல்லாது போயிற்று என்ற வினாவுக்கு விடைகாண முற்பட்டால், போர்தோவில் தொடங்கும் வழி நம் தோட்டத்துக் கள்ளுக்கடை வாயிலில் வந்து நிற்கிறது.

1152இல் அக்கிடேன் நாட்டுக் கோமாட்டி எலினோர் ஹென்றி பிளாண்டாஜெனெட்டை மணந்தார். ஈராண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் மன்னரானார். அதன்பின் 1453இல் ஆங்கிலேயர் தோற்று வெளியேறும்வரை, முந்நூறு ஆண்டுக்காலம் போர்தோ மதுவின் பெருஞ்சந்தை இங்கிலாந்தாகவே இருந்தது. அந்நாளைய மது இன்றைய கருஞ்சிவப்பு மதுவன்று. வெளிர்சிவப்பு நிறமும் மென்மையும் உடையது அது. அந்நிறத்தால் பெற்ற பிரெஞ்சுப் பெயரே ஆங்கிலத்தில் கிளாரெட் எனத் திரிந்தது. மரப்பீப்பாயில் காற்றுப்பட்டு ஓராண்டுக்குள் புளித்துவிடும் ஆதலால், புதுமதுவுக்கே விலை மிகுதி. சென்ற ஆண்டுச் சரக்கு மலிவாகத் தள்ளப்பட்டது. இன்று பழமைக்கே விலைபேசப்படும் அம்மது, அன்று நம் தென்னங்கள்ளைப் போலவே புதுமையால் மதிக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது.

அந்நிலையை மாற்றியவர்களுள் டச்சுக்காரர் முதன்மையானவர். பதினேழாம் நூற்றாண்டில் அவர்தம் பொறியியலார் மெடாக் பகுதியின் சதுப்பு நிலங்களை வடித்தனர். பீப்பாயினுள் கந்தகத்திரியைக் கொளுத்தி, மது கெடாமற் காக்கும் முறையைப் பரப்பியவர்களும் டச்சு வணிகரே. போர்த்துக்கீசியரின் பங்கு மறைமுகமானது. 1703இல் இங்கிலாந்து அவர்களோடு செய்த மெத்துவென் உடன்படிக்கையால் போர்த்துக்கல் மதுவுக்குச் சுங்கவரி குறைந்தது. பிரெஞ்சு மதுவுக்கோ வரிச்சுமை தொடர்ந்தது. மலிவுச் சரக்கை அனுப்பிப் பயனில்லை எனக் கண்ட போர்தோ உற்பத்தியாளர், வரியைப் பொருட்படுத்தாத செல்வர்க்கென உயர்தர மதுவில் கருத்தூன்றலாயினர்.

வழி முன்னரே திறந்திருந்தது. பொந்தாக் குடும்பத்தார் தம் ஓ-பிரியோன் தோட்டத்து மதுவைத் தனிப்பெயரால் இலண்டனில் விற்றனர். 1663 ஏப்ரலில் இலண்டன் மதுச்சாலை ஒன்றில் அதைப் பருகிய சாமுவேல் பெப்பிஸ், தாம் முன்னர் அறியாத தனிச்சுவை அதில் இருப்பதாக நாட்குறிப்பில் பதிந்தார். 1677இல் தத்துவ அறிஞர் ஜான் லாக் அத்தோட்டத்துக்கே சென்று மண்ணை ஆராய்ந்தார். கண்டது வேறொன்றும் விளையாத சரளை மணல்! நாவின் தீர்ப்புக்கு மண்ணில் காரணம் தேடும் வழக்கம் இத்தகைய மனிதரால் வலுப்பெற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் உறுதியான கண்ணாடிப் புட்டியும் தக்கை மூடியும் பரவின. மது பல ஆண்டுகள் முதிரத் தொடங்கியது. ஓராண்டு விளைச்சலை மற்றோராண்டு விளைச்சலோடு அருகருகே வைத்து ஒப்பிடுவதும் அதனாலேயே இயன்றது. புளித்துப்போகும் பொருளுக்கு வரலாறு இல்லை. புட்டியே மதுவுக்கு வரலாற்றைத் தந்தது எனலாம்.

இந்தியக் கடலுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சேன்-எஸ்தேப் என்னும் ஊரின் லூயி-கஸ்பார் தெஸ்தூர்னேல் (1762–1853) தம் மதுவை இந்தியாவரை ஏற்றுமதி செய்தவர். விற்காமல் திரும்பிய புட்டிகளில் கடற்பயணத்தால் சுவை கூடியிருந்ததை அவர் கண்டாராம். ‘இந்தியாவிலிருந்து திரும்பியது’ என்ற அடையாளம் அவர்தம் மதுவுக்குப் பெருமையாயிற்று என்பர். கதையில் வணிகனின் மிகைப்படுத்தல் கலந்திருக்கலாம். ஆனால், அவர் எழுப்பிய கோஸ் தெஸ்தூர்னேல் மாளிகை கீழைநாட்டுக் கோபுரங்களோடு இன்றும் திராட்சைக் கொடிகளுக்கிடையே நிற்கிறது. 1855இல் பாரிசுக் கண்காட்சிக்கெனப் போர்தோத் தரகர்கள் விற்பனை விலையை அளவுகோலாகக் கொண்டு ஐந்து தரங்களாகப் பிரித்த பட்டியலில், அத்தோட்டம் இரண்டாந்தரத்தில் இடம்பெற்றது. அப்பட்டியல் பெரிதும் மாறவில்லை. 1973இல் மூத்தோன்-ரோத்சில்டு முதற்றரத்துக்கு உயர்த்தப்பட்டதே குறிப்பிடத்தக்க மாற்றம். பட்டியல் நிலைத்து நிற்க, புட்டிக்குள் இருந்த மதுவோ ஓயாது மாறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரிட்டிஷாரின் நாவுக்கு மெல்லிய மது போதாது என்று, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் எர்மித்தாழ் மதுவைப் போர்தோவில் கலந்து கறுப்பேற்றினர். இன்று அது கலப்படம் எனப்படும். அன்று அது மதிப்புக்குரிய முறை. 1860களில் தென்பிரான்சில் தோன்றிய ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி நாடெங்கும் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டியே தோட்டங்கள் மீட்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேராசிரியர் எமில் பேநோ, பழம் நன்கு கனிந்தபின் பறித்தல், நொதித்தலை அறிவியல் முறையில் கட்டுப்படுத்தல் ஆகியவற்றை வலியுறுத்தினார். மதுவின் கடுமை தணிந்தது.

1976 மே 24ஆம் நாள் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வணிகர், புட்டியின் பெயரை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களைச் சுவைக்கச் செய்தார். செம்மதுவில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973க்குக் கிட்டியது. மூத்தோன்-ரோத்சில்டு 1970 இரண்டாமிடம் பெற்றது. பிரெஞ்சு மது முதிர்ந்தபின் வெல்லும் என்று ஆறுதல் கூறியவர்கள் உண்டு. முப்பதாண்டு கழித்து, 2006இல் அதே மதுக்கள் மீண்டும் ஒப்பிடப்பட்டபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன.

அடுத்து வந்தவர் ராபர்ட் பார்க்கர் என்னும் அமெரிக்கர். 1982ஆம் ஆண்டின் போர்தோ விளைச்சலைத் தொடக்கத்திலேயே பாராட்டிப் புகழ்பெற்ற அவர், தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரைப்போல் ஒவ்வொரு மதுவுக்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இட்டார். கனிந்த, அடர்ந்த, புதிய கருவாலிமர மணமேறிய மதுவில் அவருக்கு விருப்பம். மதிப்பெண்ணுக்கேற்ப விலை ஏறியதால், பலர் அவர் நாவை நோக்கியே மது செய்தனர். பன்னிரண்டு விழுக்காட்டை ஒட்டியிருந்த சாராயச் சத்து பதின்மூன்றரை, பதினான்கு என ஏறியதற்குக் காலநிலை வெப்பமும் ஒரு காரணம். அண்மைக்காலத்தில் பலர் மென்மையை நாடித் திரும்பியுள்ளனர். மதிப்பெண் தேடி எழுதப்படும் கட்டுரை எப்படியிருக்கும் என்பதை அறிந்த ஆசிரியர்களுக்கு இந்த நிகழ்ச்சிக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

ஒப்பிட்டுச் சுவைக்கும் இவ்வறிவு மேலைநாட்டின் தனிச்சொத்தன்று. தேறல், நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல் எனச் சங்க நூல்கள் வழங்கும் சொற்களே அதற்குச் சான்று. இல்லத்தில் காய்ச்சிய தோப்பியைப் பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளை மலைபடுகடாம் அறியும். நாட்பட்ட தேறலின் உறைப்பைத் தேள்கடிக்கு ஒப்பிட்டார் ஔவையார். முதிர்ச்சியின் வேறுபாட்டை உணர்ந்த நாவுக்கன்றி அவ்வுவமை தோன்றாது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரனார், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகி மகிழ வாழ்த்துகிறார். அத்தேறல் வந்த சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. 1945இல் வீலரும், 1947 முதல் கசாலும், 1989–92இல் விமலா பெக்லியும் அங்கு அகழ்ந்தனர். கிரேக்கக் கோஸ் தீவுப் பாணிச் சாடிகள் அங்குக் குறிப்பிடத்தக்கவை. கடல்நீர் கலந்து கெடாமற் காத்த மது அத்தீவினுடையது. அதன் சாடியைப் பின்பற்றி இத்தாலியிலும் செய்தார்கள். ஆக, பெயர்பெற்ற மதுவைப் போலிசெய்யும் கலையும் மிகப் பழையதே.

இத்தகைய சொல்வளம் படைத்த இனத்தின் மக்கள், ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால்வெட்ட வந்தனர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்டதிலிருந்து அத்தொழில் பெருகியது. தோட்டத்தில் அவர்களுக்குக் கிட்டியது ஒரே கடை, ஒரே கள். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு வெப்பநாட்டில் சில மணி நேரத்தில் நொதித்துவிடும்; மறுநாள் காடியாகத் திரியத் தொடங்கும். கந்தகமும் புட்டியும் தக்கையும் போர்தோவின் புளிப்பைத் தடுத்தன. கள்ளுக்கு வாய்த்ததெல்லாம் உரிமச்சீட்டு ஒன்றே. காலைக்கள், மாலைக்கள் என்னும் வேறுபாட்டுக்குமேல் ஒப்பிட அங்கு ஒன்றுமில்லை. துரைமாரின் சங்கத்திலோ, குடிப்பவர் தாம் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். சுவையைத் தேர்வது ஒரு சாராருக்கு நாகரிகமாகவும், கிடைத்ததைக் குடிப்பது மற்றொரு சாராருக்கு இழிவாகவும் எண்ணப்பட்டது. தமிழனுக்குக் குடிக்கத்தான் தெரியும் என்ற ஏளனத்தைச் சொன்னவர்கள், அந்த ஒற்றைக் கடையைத் தோட்டத்துக்குள் திறந்துவைத்தது யாரென்று கேட்கவில்லை.

தொழிலாளர் கேட்டனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு, பிள்ளைகளின் கல்வி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகிய கோரிக்கைகளோடு தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் இடம்பெற்றது. கள்ளின் சுவைபற்றிக் குடித்தவரே எழுதிவைத்த மதிப்புரை அதுவே. அதற்கு மறுமொழியாகப் படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர், முன்னின்ற ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். போருக்குப்பின் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் திரண்ட தொண்டர் படையினர் 1947இல் மீண்டும் கள்ளுக்கடைகளின்முன் மறியலில் நின்றனர்.